தந்திக்காரப் பையன் இருந்த நாற்காலியில் பட்டதாரி உட்கார்ந்த கதை

பிற்பாடு இரும்பு, எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான ஆன்ட்ரூ கார்னெகிக்கு 1853-ல் வயது 17. பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் பிட்ஸ்பர்க் அலுவலகத்தில் தாமஸ் ஸ்காட் என்ற அதிகாரிக்குத் தந்தி அடிக்கவும் எடுபிடி வேலை பார்க்கவும் சேர்ந்தார். மாதச் சம்பளம் 35 டாலர். ஆறே வருடத்தில், ஸ்காட் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி அவருக்கு வந்தது: மேற்குக் கோட்டத்தின் சூப்பிரண்டெண்ட். ஸ்காட்லாந்தில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம், அமெரிக்காவுக்கு வந்ததும் பஞ்சாலையில் கூலி வேலை. அவருடைய படிப்பு அவ்வளவுதான். என்ன படித்திருக்கிறாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது எழுபது வருடம் தாண்டி வருவோம். 1922-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக ஜெரார்டு ஸ்வோப் வருகிறார். மறு வருடம் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக ஆல்ஃபிரட் ஸ்லோன் வருகிறார். இரண்டு பேரும் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்தவர்கள். அதுவும் 1895-ல் வெளியே வந்த ஒரே செட்!

நடுவில் என்ன நடந்தது? மானேஜர் ஆவதற்கும் காலேஜுக்குப் போவதற்கும் எப்போது முடிச்சு விழுந்தது? பெரிய கம்பெனி என்ற ஒன்று உலகத்தில் முதன்முதலாக அமெரிக்காவில்தான் இந்த அளவுக்கு வளர்ந்தது. அதனால் கதையும் அங்கேதான் நடக்கிறது.

பழைய முறையைப் புரிந்துகொள்ள கார்னெகி தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு காலை நேரம் போதும். அலுவலகத்துக்கு அவர் வந்தபோது ஸ்காட் இன்னும் வந்திருக்கவில்லை. லைனில் ஒரு விபத்து, ரயில்கள் அங்கங்கே நிற்கின்றன. எந்த ரயில் முதலில் நகரலாம் என்று உத்தரவு போட ஸ்காட்டுக்கு மட்டும்தான் அதிகாரம். பையன் துணிந்து, ஸ்காட்டின் பெயரைப் போட்டே ஒவ்வொரு ரயிலுக்கும் தந்தி கொடுத்துவிட்டான். ஸ்காட் வந்து பார்த்தார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் இன்னொரு அதிகாரியிடம் அவர் பெருமையாகச் சொன்னது பிற்பாடு கார்னெகியின் காதுக்கு வந்தது.

கவனியுங்கள், இங்கே பாடமும் பரீட்சையும் ரிசல்ட்டும் ஒரே அறைக்குள் முடிந்துவிட்டன. முதலாளி பக்கத்து மேஜையில் இருக்கிறார், பையன் எப்படிப்பட்டவன் என்று தினமும் பார்க்கிறார். சர்டிபிகேட்டுக்கு அங்கே வேலையே இல்லை. சர்டிபிகேட் என்பது, ஒருவரை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதபோது தேவைப்படுகிற காகிதம்தானே.

அப்படி நேரில் பார்க்க முடியாத நிலைமை சீக்கிரமே வந்தது. 1891-ல் பென்சில்வேனியா ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு மேல். அதே வருடம் அமெரிக்காவின் தரைப்படையையும் கடற்படையையும் சேர்த்தாலும் 40 ஆயிரம் பேர் தேறவில்லை. நாட்டின் மொத்த ராணுவத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியை ஒரு அறையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து நடத்த முடியாது. காகிதத்தில்தான் பார்க்க முடியும். எத்தனை டன் சரக்கு, எத்தனை மைல், எவ்வளவு நிலக்கரி, எங்கே தாமதம் என்று கீழிருந்து அறிக்கை மேலே போகும், மேலிருந்து உத்தரவு கீழே வரும். ஈரி ரயில்வேயின் சூப்பிரண்டெண்ட் டேனியல் மெக்கல்லம் 1855-லேயே, யார் யாருக்குக் கீழே என்று காட்டும் ஒரு வரைபடம் போட வைத்தார். ஒரு மரத்தைப் போன்ற படம். இயக்குநர் குழு உச்சியில் இல்லை, வேரில் இருந்தது. இன்று எல்லா ஆபீஸிலும் இருக்கிற ஆர்கனைசேஷன் சார்ட்டுக்கு அதுதான் முன்னோடி. இதில் வேடிக்கை, மெக்கல்லம் தச்சு வேலையிலிருந்து வந்தவர், காலேஜ் வாசலை மிதித்தவரில்லை. படித்தவர்களுக்கென்று ஆகப்போகிற ஏணியின் முதல் படத்தைப் படிக்காதவர்தான் போட்டார்.

காகிதம் பெருகியதும் ஆள் தேவைப்பட்டது. வெறும் குமாஸ்தா போதாது. கண்ணால் பார்க்காத ஒன்றை எண்களிலிருந்து ஊகிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் அன்றைய அமெரிக்கக் காலேஜ்கள் தயாரித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் பாதிரிகளையும் வக்கீல்களையும்தான். பாடம் கிரேக்கம், லத்தீன். கார்னெகி இதைப் பற்றிப் பின்னாளில் கடுமையாகவே எழுதினார். இந்தப் பையன்களை ஏதோ வேறு கிரகத்தில் வாழப்போகிறவர்கள்போலப் படிக்கவைக்கிறார்கள் என்பது அவருடைய எரிச்சல். வியாபாரத்தில் முன்னேற விரும்புகிறவனுக்குக் காலேஜ் படிப்பு தடை என்றே அவர் நினைத்தார்.

அதே கார்னெகிதான் 1870-களில் தன் இரும்பு உலைக்கு ஒரு ஜெர்மன் வேதியியலாளரை வேலைக்கு எடுத்தார். அதுவரை உலையின் சூட்சுமம் உலை மேஸ்திரியின் மூக்குக்கும் கண்ணுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். வேதியியலாளர் வந்து தாதுக் கல்லைச் சோதித்தபோது, உசத்தி என்று பெயர் வாங்கிய சுரங்கத்துக் கல் மட்டம், மட்டம் என்று ஒதுக்கிய கல்லில் இரும்பு அதிகம் என்று தெரிந்தது. போட்டிக் கம்பெனிகளோ வேதியியலாளர் வைக்க வசதியில்லை என்றார்கள். ஒருவர் இல்லாமல் இருக்கத்தான் அவர்களுக்கு வசதியில்லை என்பது கார்னெகியின் கேலி. 1900-ல் அதே மனிதர் பிட்ஸ்பர்க்கில் ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்குப் பணம் கொடுத்தார். வாயால் திட்டியதையும் கையால் செய்ததையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்குக் கோபம் படிப்பின்மேல் இல்லை, லத்தீன்மேல்தான் என்று தோன்றுகிறது.

தொழிலுக்கு உதவும் படிப்பு அதற்குள் வேறு இடங்களில் முளைத்திருந்தது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்த பொறியாளர்கள் ஆரம்பகால ரயில் பாதைகள் பலவற்றைப் போட்டுக் கொடுத்தார்கள். 1824-ல் ரென்சலார் என்ற தொழில்நுட்பக் கழகம் வந்தது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்றுக்கொடுக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. எம்.ஐ.டி. 1865-ல் வகுப்புகளைத் தொடங்கியது.

ஆனால் பட்டம் வாங்கியதும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. ரென்சலாரில் 1859-ல் பட்டம் வாங்கிய அலெக்சாண்டர் கசாட் என்பவர் 1861-ல் பென்சில்வேனியா ரயில்வேயில் சேர்ந்தபோது கிடைத்த வேலை, சர்வேயில் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பணக்கார வீட்டுப் பிள்ளை, பட்டதாரி, இருந்தாலும் கம்புதான். அங்கிருந்து ஏறி 1899-ல் அதே ரயில்வேயின் தலைவரானார். (ஓவியர் மேரி கசாட் இவருடைய தங்கை.) ஆக முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் ஏணியின் கீழ்ப்படிதான். படிப்பு அவரைச் சீக்கிரம் ஏற்றிவிட்டதே தவிர, படிகளைத் தாண்டவைக்கவில்லை.

ஏணியே மாறியது மின்சாரம் வந்த பிறகுதான். லேத் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டிங் கரன்ட்டை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும். 1892-ல் உருவான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் முதல் தலைவர் சார்லஸ் காஃபின் செருப்பு, பூட்ஸ் வியாபாரத்திலிருந்து வந்தவர். கடன், விற்பனை, ஆட்களைப் பிடிப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. டர்பைன் செய்ய அது போதாதே. அதனால் கம்பெனி கல்லூரிகளிலிருந்து பொறியாளர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தது. எடுத்து என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

அதற்குப் பெயர் 'டெஸ்ட்'. ஸ்கெனெக்டடி, லின் போன்ற ஊர்களில் இருந்த ஆலைகளில், வெளியே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மோட்டாரையும் ஜெனரேட்டரையும் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். அந்த வேலையைப் புதுப் பட்டதாரிகளிடம் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் கூலி, அதுவும் சொற்பம். மேலுடுப்பெல்லாம் கிரீஸ், காதில் ஓயாத இரைச்சல். சில மாதம் மோட்டார், பிறகு டிரான்ஸ்பார்மர், பிறகு டர்பைன் என்று பிரிவு பிரிவாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ இப்படி. போட்டி மின்சாரக் கம்பெனியான வெஸ்டிங்ஹவுஸும் கிழக்குப் பிட்ஸ்பர்க்கில் இதேபோல ஒரு பயிற்சி வைத்திருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் மலிவான கூலிக்கு ஆள் பிடித்ததுபோல இருக்கும். அதுவும் உண்மைதான். ஆனால் மூன்று காரியம் சேர்ந்து நடந்தது. காலேஜில் கற்ற கணக்குக்கும் கண் முன்னே சூடேறுகிற செப்புச் சுருளுக்கும் என்ன சம்பந்தம் என்று பையனுக்குப் புரிந்தது. யார் பொறியாளர் ஆகத் தேறுவான், யார் விற்பனைக்குப் போகலாம், யாருக்கு ஆட்களை நடத்தத் தெரியும் என்று கம்பெனி பார்த்துக்கொண்டது. ஸ்காட் பக்கத்து மேஜையிலிருந்து செய்ததை இப்போது கம்பெனி ஒரு திட்டமாகச் செய்தது. மூன்றாவது, ஒன்றாகக் கிரீஸ் பூசிக்கொண்டவர்கள் பிற்பாடு நாடு முழுக்க கம்பெனியின் கிளைகளில் உட்கார்ந்தபோது, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. நம் ஊர்க் கம்பெனிகளில் கேம்பஸ் இன்டர்வியூவில் எடுத்து, 'கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி' என்று பெயர் வைத்து, ஒரு வருடம் டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாகச் சுற்றவிடுகிறார்களே, அது இந்த வகைப் பயிற்சியின் பேரப்பிள்ளை.

இங்கேதான் ஏணி இரண்டானது. டெஸ்ட் பெஞ்சில் பட்டதாரியும் நிற்கிறான், பத்து வருடமாக மோட்டார் சுற்றுகிற தொழிலாளியும் பக்கத்தில் நிற்கிறான். கை இரண்டு பேருக்கும் ஒரே கருப்பு. ஆனால் ஒருவன் அங்கே வந்துபோகிறவன், மற்றவன் அங்கேயே இருப்பவன். தொழிலாளியின் ஏணி ஃபோர்மேன் பதவியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பட்டதாரியின் ஏணி கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்குகிறது. கார்னெகி காலத்தில் இருந்த ஒரே நீள ஏணியை நடுவில் வெட்டி, மேல்பாதியின் அடியைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

பொறியாளர்கள் மானேஜர்களாக ஆனபோது கம்பெனி நடத்தும் முறையே எப்படி மாறியது என்பதற்கு நல்ல உதாரணம் டூபான்ட். வெடிமருந்துக் கம்பெனி. 1902-ல் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூன்று பேர் அதை வாங்கினார்கள். மூன்று பேருமே எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். அவர்களில் பியர் டூபான்ட்தான் மூளை. அங்கே 1909-ல் சேர்ந்த டொனால்ட்சன் பிரவுன், வர்ஜீனியாவில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். விற்பனையில் தொடங்கி நிதிப் பிரிவுக்கு வந்து ஒரு சூத்திரம் போட்டார்.

பிரச்சினை இதுதான். கருமருந்து ஒரு தொழில், டைனமைட் ஒரு தொழில், புகையில்லா மருந்து இன்னொன்று. எது நன்றாக நடக்கிறது? அதுவரை லாபம் விற்பனையில் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிரவுன் சொன்னது, அது பாதிக் கதை. ஒரு தொழிலில் 100 டாலர் முதல் போட்டிருக்கிறோம், வருடத்துக்கு 200 டாலருக்கு விற்கிறது, லாபம் 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையில் லாபம் நூற்றுக்கு 10. போட்ட பணம் வருடத்தில் இரண்டு தடவை சுழல்கிறது. பத்தை இரண்டால் பெருக்கினால் முதலுக்கு நூற்றுக்கு 20. இன்னொரு தொழிலில் விற்பனை லாபம் நூற்றுக்கு 5தான், ஆனால் போட்ட பணம் ஐந்து தடவை சுழல்கிறது என்றால், முதலுக்கு நூற்றுக்கு 25. அதாவது குறைந்த லாபத்துக்கு விற்பதுதான் உண்மையில் நல்ல தொழில். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் இதைக் கேட்டால், இது எனக்குத் தெரியாதா என்பார். தெரியும்தான். ஆனால் அவர் கடை ஒன்றே ஒன்று. பிரவுன் செய்தது, சுழற்சி குறைந்தால் அது இருப்புச் சரக்கு தேங்கியதாலா, வசூலாகாத கடனாலா, சும்மா நிற்கும் இயந்திரத்தாலா என்று கிளை கிளையாகப் பிரித்து, போய்ப் பார்க்காமலே எந்த ஆலையில் என்ன கோளாறு என்று கேட்கக்கூடிய ஒரு கருவியை உண்டாக்கியது. ஒரு சர்க்யூட்டில் எங்கே கரன்ட் கசிகிறது என்று தேடுகிற மூளையின் வேலை அது.

இந்தக் கருவி ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன கதை இன்னும் சுவாரசியம். 1908-ல் அதைத் தொடங்கிய வில்லியம் டூரன்ட் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், குதிரை வண்டி செய்து விற்று முன்னுக்கு வந்தவர். கம்பெனிகளை வாங்கிக் குவிப்பதில் சூரர், குவித்ததைக் கட்டி மேய்ப்பதில் அக்கறை குறைவு. 1920-ல் கார் சந்தை படுத்தபோது ஒவ்வொரு பிரிவும் இஷ்டத்துக்கு வாங்கி வைத்திருந்த சரக்கு மலையாகக் கிடந்தது. டூரன்ட் வெளியேற, பங்குகள் வைத்திருந்த டூபான்ட் தரப்பு உள்ளே வந்தது. பியர் டூபான்ட் தலைவர், அவருக்குப் பின் ஸ்லோன். பிரவுனும் வந்து சேர்ந்தார்.

படிக்காதவர் கெடுத்தார், படித்தவர் காப்பாற்றினார் என்று இதை வாசிக்க ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். 1924-ல் ஆலைகள் தேவைக்கு மேல் கார் தயாரித்துக்கொண்டிருந்தன, தலைமையகத்தில் இருந்த காகிதங்களோ அதை உரத்துச் சொல்லவில்லை. ஸ்லோன் பிரவுனையும் அழைத்துக்கொண்டு செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் என்று டீலர்களைப் பார்க்கப் போனார். எங்கே போனாலும் டீலரின் மைதானத்தில் விற்காத கார்கள் வரிசை வரிசையாக நின்றன. அங்கிருந்தே உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார். பத்து நாளுக்கு ஒருமுறை டீலர்களிடமிருந்து விற்பனைக் கணக்கை வாங்கி உற்பத்தியை ஓட்டும் முறை கம்பெனியில் வேரூன்றியது இதற்குப் பிறகுதான். சூத்திரம் எழுதிய பிரவுனே வெயிலில் நின்று கார்களைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை நான் மறப்பதில்லை.

மேலும், ஸ்லோனின் ஏற்றத்தை வெறும் பட்டத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பட்டம் வாங்கியதும் ஹயாட் என்ற பேரிங் கம்பெனியில் படம் வரைபவராகச் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் அந்தக் கம்பெனி மூழ்கப்போனது. ஸ்லோனின் தகப்பனார் பணம் போட்டார், மகன் நடத்தினார். படிப்பும் அப்பாவின் பையும் ஒன்றாக வரும்போது, எது எவ்வளவு தூக்கியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பிசினஸ் ஸ்கூல் எங்கே என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் 1881-ல், டார்ட்மத்தில் டக் 1900-ல், ஹார்வர்டு 1908-ல். ஹார்வர்டில் சேரவே ஒரு பட்டம் கையில் இருக்க வேண்டும். வகுப்பில் என்ன நடத்துவது என்று அவர்களுக்கே ஆரம்பத்தில் தெளிவில்லை. வழக்குகளை வைத்துச் சட்டம் படிப்பதுபோல, நடந்த வியாபாரச் சிக்கல்களை வைத்து விவாதிக்கும் முறை 1919-க்குப் பிறகு, சட்டம் படித்த வாலஸ் டோனம் டீன் ஆனபோதுதான் நிலைத்தது. எம்.பி.ஏ. அலை பெரிதாக அடித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். நாம் பேசுகிற காலத்தில் ஏணியை மாற்றியவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள்தான்.

சரி, காலேஜ் மார்க்குக்கும் கம்பெனி முன்னேற்றத்துக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா? இந்தக் கேள்வியைத் தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. கேட்டது. அதை வளர்த்த தியோடர் வெயில் தந்தி ஆபரேட்டராக இருந்தவர். 1925-ல் தலைவரான வால்டர் கிஃபோர்டு ஹார்வர்டு பட்டதாரி, குமாஸ்தாவாக நுழைந்தவர். தன் நிறுவனத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பட்டதாரிகளின் கல்லூரித் தர வரிசையையும் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 1928-ல் அவர் எழுதினார்: வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் சம்பளத்திலும் முன்னே இருக்கிறார்கள், வருடம் ஏற ஏற இடைவெளியும் கூடுகிறது. மார்க் வாங்குகிறவன் வாழ்க்கையில் உதவமாட்டான் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய செய்தி. ஆனால் இது பட்டதாரிகளுக்குள் நடந்த போட்டியின் கணக்கு. பந்தயத்துக்கே சேர்க்கப்படாதவர்கள் அதில் இல்லை. அதே தொலைபேசிக் குடும்பத்தில் செஸ்டர் பர்னார்டு என்று ஒருவர் இருந்தார். ஹார்வர்டில் பட்டம் வாங்காமலே 1909-ல் வெளியேறியவர், நியூ ஜெர்சி பெல் கம்பெனியின் தலைவரானார். 1938-ல் அவர் எழுதிய நிர்வாக நூலைப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

விதிவிலக்குகள் இருந்துகொண்டேதான் இருந்தன. எம்.ஐ.டி. ஸ்வோப்புக்குப் பிறகு 1940-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் தலைவரான சார்லஸ் வில்சன், 12 வயதில் படிப்பை விட்டு எடுபிடிப் பையனாக வேலைக்கு வந்தவர். ஆனாலும் திசை தெளிவு. பெரிய கம்பெனித் தலைவர்களை ஆராய்ந்த பொருளாதாரப் பேராசிரியர் மேபெல் நியூகமரின் கணக்குப்படி, 1900-ல் அவர்களில் பட்டதாரிகள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. 1950-ல் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 1900-ல் அமெரிக்கா முழுவதும் கல்லூரியில் இருந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர்கூட இல்லை, ஜனத்தொகையோ ஏழரைக் கோடிக்கு மேல். ஏணியின் அடி கல்லூரி வாசலில் என்றானபோது, அந்த வாசலில் யாரை விடுகிறார்கள் என்பது கம்பெனியின் தலைவிதியாகவும் ஆனது. 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே முயன்றார்.

வாசலைத் தாண்டிய பிறகும் எல்லோருக்கும் ஒரே ஏணி இல்லை. எடித் கிளார்க் 1919-ல் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் முதுகலைப் பட்டம் வாங்கினார். அந்தத் துறையில் அங்கே அதை வாங்கிய முதல் பெண். ஸ்வோப்பும் ஸ்லோனும் படித்த அதே இடம், அவர்களைவிட ஒரு பட்டம் அதிகம். பொறியாளர் வேலை யாரும் கொடுக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கொடுத்தது, கணக்குப் போடும் பெண்களை மேற்பார்க்கும் வேலை. அவர் 1921-ல் அதை விட்டுவிட்டு, கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கக் கப்பல் ஏறினார். திரும்பி வந்ததும், 1922-ல், அதே கம்பெனி அவரைப் பொறியாளராக எடுத்துக்கொண்டது. இருபத்து மூன்று வருடம் அங்கே மின்கடத்தல் கணக்குகளைப் போட்டார். கிளார்க் இறந்தது 1959-ல். இரண்டு வருட எம்.பி.ஏ. வகுப்பின் முதல் வருடத்திலேயே பெண்களை ஹார்வர்டு சேர்க்கத் தொடங்கியது 1963-ல்.